டர்பனில் நல்ல எக்ஸ் பெனடிக்ட் எங்கே கிடைக்கும்?

வேலைக்காகச் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருக்கும் மனைவிக்கும் எக்ஸ் பெனடிக்ட் (வாட்டிய ரொட்டிமேல் இறைச்சியும் தண்ணீரில் வேகவைத்த முட்டையும் வைத்து, ஹாலண்டேஸ் என்ற வெண்ணெய்ச் சாஸ் ஊற்றிய காலை உணவு) என்றால் கொள்ளைப் பிரியம். ஞாயிறுதோறும் ஒரு புதுக் கடை பார்க்கிறார்கள். ஓரிடத்தில் முட்டை ஆறிப்போய் வருகிறது, இன்னோரிடத்தில் ரொட்டி தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது, வேறோரிடத்தில் சாஸில் மாவு வாடை. அடுத்த மாதம் ஊரிலிருந்து அம்மா வருகிறார். அவர் மீன் சாப்பிடுவார், பன்றியும் மாடும் தொடமாட்டார். எந்தக் கடைக்குக் கூட்டிப்போவது, நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கேள்வி.

நான் டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள உம்லாங்கா பக்கம் ஹோட்டல் அடுப்படிகளில் காலை ஷிப்ட் பார்த்தவன். தம்பி, கடைப் பெயர் ஒன்றை எழுதிக் கொடுப்பது எனக்கு எளிது. ஆனால் இந்த ஊரில் சமையல்காரர்கள் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள். போன வருடம் அருமையாக இருந்த இடத்தில் இன்று அதே மெனு, அதே நாற்காலி, வேறு கை. அதனால் கையை அடையாளம் காணும் வழியைச் சொல்கிறேன், கூடவே எந்தப் பக்கம் தேடுவது என்றும் சொல்கிறேன்.

முதலில் சாஸைப் பாருங்கள். இந்தத் தட்டில் முட்டை, ரொட்டி, இறைச்சி மூன்றையும் சுமாரான சமையல்காரர்கூட ஒப்பேற்றிவிடலாம். ஹாலண்டேஸ் சாஸில் அது நடக்காது. முட்டை மஞ்சள் கரு, வெண்ணெய், எலுமிச்சைச் சாறு, உப்பு, அவ்வளவுதான் பொருட்கள். மஞ்சள் கருவை இளஞ்சூட்டில் அடித்து, உருக்கிய வெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். கருவில் இருக்கும் லெசித்தின் என்ற பொருள்தான் வெண்ணெயின் கொழுப்பையும் எலுமிச்சையின் நீரையும் பிரியவிடாமல் கட்டிவைக்கிறது. சூடு 65 டிகிரியைத் தாண்டி ஏறத் தொடங்கினால் கரு வெந்து, மோர்க்குழம்பு கொதித்தால் திரிவது போலத் திரிந்துவிடும். சூடு இறங்கினால் வெண்ணெய் உறைந்து சாஸ் இறுகிவிடும். அவசரப்பட்டு வெண்ணெயைக் கொட்டினால் எண்ணெய் தனியாகப் பிரிந்து மிதக்கும். பாதுகாப்பாக நிற்கும் இடைவெளி மிகக் குறுகியது. நல்ல அடுப்படியில் இதைச் செய்து, 55–60 டிகிரியில் வெந்நீர்த் தொட்டிக்குமேல் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக அடிப்பார்கள். இது வேலை வாங்கும் காரியம். வெண்ணெய் விலையும் கொஞ்சமல்ல. ஆகவே பல கடைகள் பொடிப் பாக்கெட்டையோ டப்பாவில் வரும் சாஸையோ சூடாக்கி ஊற்றிவிடுகின்றன.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கையால் அடித்த சாஸ் முட்டையின்மேல் மெதுவாக வழிந்து, அடியில் ஒரு சிறு குளமாகத் தேங்கும். வெண்ணெயும் எலுமிச்சையும் தனித்தனியாக நாக்கில் தெரியும். பாக்கெட் சாஸில் ஸ்டார்ச் இருப்பதால் அது வழியாமல் போர்வையாக நிற்கும், ஐந்து நிமிடத்தில் மேலே ஆடை கட்டும், பால்பவுடர் வாடை வரும். நிறமும் எல்லா வாரமும் ஒரே மஞ்சளாக இருக்கும். கையால் அடித்ததில் முட்டைக்கு முட்டை நிறம் கொஞ்சம் மாறும்.

தட்டு வந்தபின் கண்டுபிடிப்பதைவிட முன்னாலேயே கேட்பது நல்லது. "ஹாலண்டேஸ் இங்கேயே செய்வதா, இன்றைக்குச் செய்ததா?" என்று பரிமாறுபவரிடம் சாதாரணமாகக் கேளுங்கள். இங்கே அப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். சாஸை அடுப்படியிலேயே செய்யும் கடையில் உடனே, கொஞ்சம் பெருமையோடு பதில் வரும். "உள்ளே கேட்டு வருகிறேன்" என்று போனவர் மழுப்பலாக ஏதாவது சொன்னால், ஆம்லெட் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு தடயம் மெனுவிலேயே இருக்கும். பெனடிக்டை ஏழெட்டு விதமாகப் போட்டு, அதே சாஸைப் பர்கருக்கும் ஸ்டேக்குக்கும் மத்தியானம் வரை ஊற்றும் கடையில், அவ்வளவு நேரம் நிற்கும் சாஸ் பெரும்பாலும் பாக்கெட்தான்.

நீங்கள் போகும் நேரத்தையும் மாற்ற வேண்டும். ஞாயிறு பத்தரை மணிக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். டர்பனில் கோடையில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். கடற்கரை நடைபாதையில் ஓடுபவர்களும் அலைச்சறுக்குக்காரர்களும் ஏழு மணிக்கே பசியோடு கடைகளை நிறைப்பார்கள். பத்தரைக்குள் அடுப்படி இரண்டு கூட்டத்தைச் சமாளித்துக் களைத்திருக்கும், முதல் சாஸ் வயதாகியிருக்கும், பல இடங்களில் காலை மெனுவே பதினொன்றரையோடு முடிகிறது என்ற பரபரப்பும் சேர்ந்துகொள்ளும். சனிக்கிழமை இன்னும் மோசம், ஓட்டம் முடித்து வரும் கூட்டம் ஒரே நேரத்தில் இறங்கும். ஒரு வேலைநாளில் லீவு போட முடிந்தால் புதன் அல்லது வியாழன் எட்டு, எட்டரைக்குப் போய்ப் பாருங்கள். முடியாதென்றால் ஞாயிறு கடை திறந்த அரை மணி நேரத்துக்குள் உட்கார்ந்துவிடுங்கள். அதே கடை, அதே சமையல்காரர், ஆனால் தட்டு வேறாக இருக்கும். இதை நான் அடுப்புப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன்.

இனி முட்டை. தண்ணீரில் உடைத்துவிட்டு வேகவைக்கும் போச் முட்டைக்குப் புது முட்டைதான் உயிர். முட்டை பழசாக ஆக, ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு வெளியேறி வெள்ளைக்கரு நீர்த்துப்போகும். தண்ணீரில் விட்டதும் அது நூல் நூலாகக் கலைந்துவிடும். இங்கே கடைகளில் முட்டையைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் சாதாரண அலமாரியில்தான் அடுக்குகிறார்கள். டர்பனின் ஜனவரி, பிப்ரவரி வெக்கையில் அது இன்னும் வேகமாக வயதாகிறது. விவரம் தெரிந்த சமையல்காரர் முட்டையை முதலில் ஒரு சின்னச் சல்லடையில் உடைத்து, நீர்த்த பகுதியை வடியவிட்டு, மிச்சத்தைத் தண்ணீரில் நழுவவிடுவார். தண்ணீர் கொதிக்கக் கூடாது, 80–90 டிகிரியில் சும்மா அசைந்துகொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் வினிகர் விட்டால் வெள்ளைக்கரு சீக்கிரம் இறுகும், ஆனால் வினிகர் தட்டில் மணக்கக் கூடாது.

பெரிய கடைகளில் முட்டையை முன்கூட்டியே வேகவைத்து, ஐஸ் தண்ணீரில் போட்டு வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்ததும் வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கித் தருவார்கள். இதை ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள். நாற்பது பேர் காத்திருக்கும்போது வேறு வழியில்லை, ஒழுங்காகச் செய்தால் வித்தியாசமே தெரியாது. தவறு நடப்பது இரண்டு இடங்களில். வெந்நீரில் போதிய நேரம் விடாவிட்டால் வெளியே சூடும் உள்ளே ஜில்லென்றும் இருக்கும். நீங்கள் சொன்ன ஆறிப்போன முட்டை அநேகமாக இதுதான். எடுத்த முட்டையைத் துணியில் ஒற்றாமல் அப்படியே ரொட்டிமேல் வைத்தால் அடி நனைந்துவிடும். ஊறிய ரொட்டிக்குக் காரணம் பெரும்பாலும் சாஸ் அல்ல, இந்தத் தண்ணீர்தான்.

ரொட்டி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. நியூயார்க்கின் டெல்மானிகோஸ் உணவகத்தில் தலைமைச் சமையல்காரராக இருந்த சார்லஸ் ரான்ஹோஃபர் 1894இல் வெளியிட்ட சமையல் நூலில் இந்தப் பண்டத்துக்குச் செய்முறை இருக்கிறது. மஃபினை (இனிப்புக் கேக் அல்ல, தட்டையான வட்ட ரொட்டி) குறுக்கே இரண்டாக வெட்டி, சிவக்காமல் வாட்டி, அதே வட்டத்தில் ஹாம் என்ற பன்றித்தொடை இறைச்சியின் மெல்லிய துண்டு வைத்து, மேலே முட்டை, அதற்குமேல் சாஸ். அதே 1894இல் வால்டார்ஃப் ஹோட்டலில் லெமுவல் பெனடிக்ட் என்ற பங்குத்தரகர் முந்தைய இரவின் போதை தெளியாமல் வந்து, வெண்ணெய் தடவிய டோஸ்ட், போச் முட்டை, பேக்கன் என்ற உப்பிட்ட பன்றி இறைச்சி, ஹாலண்டேஸ் கேட்டதில்தான் இது பிறந்தது என்று இன்னொரு கதையும் உண்டு. எந்தக் கதை சரியோ, அடியில் இருக்கும் ரொட்டி மெத்தென்று, முள்கரண்டியால் அழுத்தினால் வெட்டுப்படுவதாக இருந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது.

இங்கே பல கடைகளில் மேலோடு கெட்டியான சியாபட்டாவோ சவர்டோ ரொட்டியோ போடுகிறார்கள். பார்க்க அழகு. ஆனால் அதை வெட்ட நீங்கள் கத்தியை அழுத்தும்போது முட்டை வழுக்கி, மஞ்சள் கரு முழுவதும் தட்டில் ஓடிவிடும். குரோசான்ட் ஐந்து நிமிடத்தில் நைந்துவிடும், போதாததற்கு அதுவே வெண்ணெய்ப் பண்டம், மேலே இன்னும் வெண்ணெய் திகட்டும். மஃபின் கிடைக்கும் கடைக்கு முதலிடம் கொடுங்கள். அதன் உள்பக்கத் துளைகள் கருவையும் சாஸையும் பிடித்துக்கொள்ளும். மஃபின் இல்லையென்றால் உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட ரோஸ்டி. சோளத்தில் செய்த வடை போன்ற ஃப்ரிட்டர் மேலும் சில இடங்களில் வைக்கிறார்கள், சோளத்தின் இனிப்பும் எலுமிச்சையும் நன்றாகவே சேர்கின்றன. மேலே ராக்கெட் கீரையைக் குவித்து, கறுப்பாக இனிக்கும் பால்சமிக் சிரப்பைக் கோலமாக ஊற்றும் பழக்கம் இந்த ஊரில் பரவிக் கிடக்கிறது. ஹாலண்டேஸின் நுட்பமான புளிப்பை அந்த இனிப்பு அடித்துவிடும். ஆர்டர் கொடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். டர்பனில் ஹலால் உணவகங்கள் நிறைய. அங்கே பேக்கனுக்குப் பதில் "மேக்கன்" என்று ஒன்று வரும். பன்றி இல்லை என்றவுடன் நம் ஊர்க்காரர்கள் நிம்மதியாக வாங்கிவிடுகிறார்கள். மேக்கன் என்பது பெரும்பாலும் மாட்டிறைச்சியை உப்பிட்டுப் புகையூட்டியது, சில இடங்களில் ஆட்டிறைச்சி. மாடு சாப்பிடாதவர்கள் எந்த இறைச்சி என்று கேட்காமல் வாங்கக் கூடாது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களில் மாடு தொடாதவர்கள் ஏராளம். ஆகவே கேட்டால் பரிமாறுபவர்களுக்கு உடனே புரியும்.

அம்மாவுக்கு என் முதல் தேர்வு புகையூட்டிய ட்ரௌட் அல்லது சால்மன் மீன் வைத்தது. மெனுவில் ராயல் என்று இருக்கும். மீனிலேயே உப்பு இருப்பதால் சாஸில் உப்பைக் குறைக்கத் தெரிந்த கடையாக இருக்க வேண்டும். மீன் வேண்டாத நாளில் கீரை வைத்த ஃப்ளோரன்டீன். ஒன்று சொல்லிவிடுகிறேன், தென்னாப்பிரிக்காவில் ஸ்பினாச் என்று விற்பது பெரும்பாலும் சுவிஸ் சார்ட் என்ற தடித்த தண்டுக் கீரை. அதைத் தண்டு நீக்கி, வதக்கி, நன்றாகப் பிழிந்து வைக்காவிட்டால் தட்டெல்லாம் பச்சைத் தண்ணீர் ஓடும். "பேபி ஸ்பினாச்" என்று மெனுவில் இருந்தால் அது மென்மையான இலை, அந்தத் தொல்லை குறைவு. காளானும் நல்ல மாற்று. அவகாடோ வைத்ததும் கிடைக்கும், ஆனால் சாஸும் கொழுப்பு, அதுவும் கொழுப்பு, பாதியிலேயே போதும் என்றாகிவிடும். வாங்குவதாக இருந்தால் உள்ளூர்ப் பழம் நன்றாக இருக்கும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வாங்குங்கள்.

வயதானவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரு வழியும் முட்டையிலும் ஹாலண்டேஸிலும் மஞ்சள் கரு முழுதாக வேகவில்லை, சால்மோனெல்லா கிருமிக்கு இடமுண்டு. வயதானவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் தவிர்ப்பதுதான் நல்லது. முட்டையை நன்றாக வேகவைத்துத் தரச் சொல்லலாம், ஆனால் சாஸ் அப்போதும் அரைவேக்காடுதான். அபாயமே வேண்டாம் என்றால், குறிப்பாக அம்மாவுக்கு உடம்பு சுகமில்லாத நாட்களில், அவருக்கு மீனோடு நன்றாக வெந்த முட்டைப் பொரியல் வாங்கிக் கொடுத்துவிட்டு, பெனடிக்டை நீங்கள் இருவரும் சாப்பிடுங்கள்.

சரி, எங்கே தேடுவது? நீங்கள் மோர்னிங்சைட் பக்கம் குடியிருப்பதாக எழுதியதால், முதலில் ஃப்ளோரிடா ரோட் நினைவுக்கு வரும். அங்கே கடைகள் அதிகம், ஆனால் இரவு நேரத்துக்காக நடக்கும் கடைகளும் அதிகம். பார் முன்னால் இருக்கும் இடங்களில் காலை உணவு இரண்டாம்பட்சமாகவே இருக்கும். அந்தத் தெருவில் விடிகாலையிலேயே திறந்து பிற்பகலோடு மூடிவிடும் காபிக் கடைகளை மட்டும் பாருங்கள். காலை வியாபாரத்தையே நம்பிப் பிழைப்பவர்கள் முட்டையில் கவனக்குறைவாக இருக்க முடியாது.

எனக்குப் பிடித்த வேட்டைக்களம் கிளென்வுட். டேவன்போர்ட் ரோட் என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்லும் ஹெலன் ஜோசப் ரோடும் அதைச் சுற்றியுள்ள மரத்தெருக்களும். சின்னக் கடைகள், உரிமையாளரே கல்லாவிலோ அடுப்பிலோ நிற்பார், ரொட்டியைத் தாங்களே சுடும் இடங்களும் உண்டு. மேசைகள் குறைவு என்பதால் முட்டையை ஆர்டருக்கு ஆர்டர் வேகவைக்க முடிகிறது. இருபது நிமிடம் காத்திருக்க வைப்பார்கள், அதைக் குறையாக எண்ணாதீர்கள்.

உம்லாங்காவில் கலங்கரை விளக்கத்தைச் சுற்றியுள்ள கடலோர ஹோட்டல்களில் பஃபே வைப்பார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருவது அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும், ஒருமுறை கூட்டிப்போங்கள். ஆனால் பஃபேயில் விளக்குச் சூட்டின்கீழ் ஏற்கெனவே அடுக்கிவைத்த பெனடிக்டைத் தொடவேண்டாம். முட்டை போடும் சமையல்காரர் நிற்கும் இடத்துக்குப் போய், எனக்குப் புதிதாக ஒன்று செய்து தர முடியுமா என்று கேளுங்கள். அநேகமாகச் செய்து தருவார்கள், சாஸை மட்டும் சிறு கிண்ணத்தில் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். டர்பன் நார்த்தில் மெக்கர்டன் அவென்யூ பக்கமும் குடும்பங்கள் போகும் நல்ல காலைக் கடைகள் உண்டு, வண்டி நிறுத்தவும் தொல்லையில்லை. மால்களுக்குள் இருக்கும் தொடர்கடைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கும் ஒரே அளவு, ஒரே சுவை, பசிக்கு உதவும்.

இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இதைத் தேடி அலையாதீர்கள். அங்கே காலையில் சாப்பிடவேண்டியது வேறு, அது அருமையாகவும் கிடைக்கிறது. ஆனால் நம்மவர் கைப்பட்ட கடைகள் சிலவற்றில் ஹாலண்டேஸில் டர்பன் மசாலா கலந்து தருகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். மிளகாய்த்தூளைச் சாஸில் அப்படியே கொட்டினால் பச்சை வாடை அடிக்கும். உருக்கிய வெண்ணெயிலேயே மசாலாவைச் சற்றுப் பொரியவிட்டு, வடிகட்டி, அந்த வெண்ணெயால் சாஸை அடித்தால் நிறமும் மணமும் பிரமாதமாக வரும். அப்படிச் செய்யும் கை கிடைத்தால் விடாதீர்கள். நான் அதை அசலுக்குக் குறைந்ததாக நினைப்பதில்லை. அசல் செய்முறைகளிலேயே கொஞ்சம் கெயின் மிளகாய்த்தூள் சேர்ப்பது உண்டு.

இங்குள்ள தமிழ் நண்பர்களையும் அம்மாவைப் பார்க்க அழைப்பதாக இருந்தால் நாள் பார்த்து அழையுங்கள். 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள் இவை. பேச்சுத்தமிழ் பலரிடம் குறைந்திருக்கலாம், விரதம் குறையவில்லை. புரட்டாசி மாதம் முழுவதும் பல வீடுகளில் இறைச்சி, மீன், முட்டை எதுவும் கிடையாது. தைப்பூசக் காவடிக்கு முந்தைய நாட்களும் அப்படித்தான். அம்மா வருவது செப்டம்பர் பாதிக்கும் அக்டோபர் பாதிக்கும் இடையில் என்றால், அவர்களோடு தேநீருக்கும் ஸ்கோன் என்ற சிறு ரொட்டிக்கும் போங்கள், ஸ்கோனில் முட்டை சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு.

தட்டு சரியில்லாமல் வந்தால் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வரவேண்டாம். முட்டை ஜில்லென்று இருந்தால் இரண்டு வாய்க்குள் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். பாதி தின்றபின் சொன்னால் அடுப்படியில் யாருக்கும் பிடிக்காது. இந்தத் தட்டு மலிவானதல்ல, கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பரிமாறியவருக்கு வழக்கமான பத்து சதவீத டிப்பைக் குறைக்காதீர்கள், சாஸ் திரிந்ததற்கு அவர் பொறுப்பில்லை. நன்றாக இருந்தால், அன்று காலை அடுப்பில் யார் நின்றார் என்று பெயர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை மேசைக்குச் சொல்லி வைக்கும்போது அவர் வேலைக்கு வரும் நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.